இறங்கி வளர்ந்த ஒரு வாழ்வு



நவம்பர் மாதம், மரித்த விசுவாசிகளை நினைத்துச் செபிப்பதற்கெனத் திருச்சபை நமக்கு ஒதுக்கித் தந்துள்ள மாதமாகும். இம்மாதத்தின் இரண்டாம் நாளிலே பசறையிலும், அப்புத்தளையிலும், நமுனுகுலையிலும், தெமோதரையிலும் உள்ள தோட்டத்து மயானங்களுக்கு நீங்கள் குடும்பத்தோடு சென்றிருப்பீர்கள். புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி, உங்கள் பாட்டனாரின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொல்லிச் செபித்திருப்பீர்கள். அவர்களுள் பலர் ஏட்டுக் கல்வி பெறாதவர்கள். கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்தவர்கள். ஆயினும் அக்கல்லறையின் முன் நிற்கும்போது, அவர்கள் வளர்ந்த மனிதர்களாக வாழ்ந்து மறைந்தார்கள் என்றே நமது உள்ளம் உணர்கிறது. அப்படியானால் வளர்ச்சி என்பதுதான் என்ன?

இக்கேள்வியோடு, நமது ஊவா மண்ணிலேயே இதே நவம்பர் மாதத்தில் உயிர் துறந்த ஒரு குருவானவரின் வாழ்வைச் சற்று நோக்குவோம். அவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ அடிகளார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், புத்தல பிரதேசத்தில் உள்ள அலுகலவிட்ட என்னும் சிற்றூரில், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எவ்வாறு இறந்தார் என்பதை அறிந்தவர்கள் பலர் உள்ளனர். ஆனால் அவர் எவ்வாறு வளர்ந்தார் என்பதே இன்று நாம் சிந்திக்கவேண்டியது.

ஏறிச் சென்ற பாதை

நமது குடும்பங்களில் வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்? பிள்ளை சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெறுவது, உயர் தரம் கற்பது, ஆசிரியராகவோ தாதியாகவோ எழுதுவினைஞராகவோ நியமனம் பெறுவது, லயத்தை விட்டு வெளியேறித் தனிவீடு கட்டுவது. இவற்றை யாரும் குறைவாக எண்ணக்கூடாது. நமது மக்கள் 1948ஆம் ஆண்டில் குடியுரிமை இழந்தவர்கள். நாடற்றோர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. தோட்டப் பாடசாலையில் ஒரே அறையில் ஐந்து வகுப்புகள் நடந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றோ பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள் பட்டச் சான்றிதழைக் கையில் ஏந்துவது இறைவனின் கொடையே அன்றி வேறில்லை.

மைக்கல் அடிகளாரும் முதலில் இந்த ஏறுபாதையில்தான் நடந்தார். 1927ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் கொழும்பை அடுத்த தெஹிவளையில் அவர் பிறந்தார். இளமையிலேயே இறையழைத்தலை உணர்ந்து அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்தார். கூர்ந்த அறிவும், மொழிகளை எளிதாகக் கற்கும் ஆற்றலும், கவிதை உள்ளமும் அவருக்கு வாய்த்திருந்தன. சபை அவரை உரோமாபுரிக்கு அனுப்பிற்று. அங்கே மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், கண்டி அம்பிட்டியவில் உள்ள தேசிய குருமடத்தில் பேராசிரியரானார். இலங்கையின் பல மறைமாவட்டங்களிலும் பின்னாளில் பணிபுரிந்த குருக்கள் பலர் அவரது மாணவர்களே.

பின்னர் அவர் மறுபடியும் கடல் கடந்து பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்குள்ள கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் 1973ஆம் ஆண்டில் இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. இரு முனைவர் பட்டங்கள், குருமடத்தில் பேராசிரியராகப் பெற்ற அனுபவம், அயல்நாட்டு அறிஞர்களின் மதிப்பு என, உலகம் வளர்ச்சி என்று எதை எண்ணுமோ அதன் உச்சியில் அவர் நின்றார்.

ஆய்வேட்டிலிருந்து வாழ்வுக்கு

அன்பானவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாரிஸில் அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள் என்ன தெரியுமா? கிறிஸ்தவத்திலும் இலங்கையின் ஏனைய சமயங்களிலும், மனிதன் தன்னலத்திலிருந்து தன்னலமின்மைக்குக் கடந்து செல்வது எவ்வாறு என்பதே அதன் பொருள். அந்தக் கடத்தலை அவர் பாஸ்காவாகக் கண்டார். இஸ்ரயேல் மக்கள் அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்குக் கடந்து சென்றது போலவும், நம் ஆண்டவர் சாவிலிருந்து உயிருக்குக் கடந்து சென்றது போலவும், ஒவ்வொரு மனிதனும் தான் என்னும் சிறையிலிருந்து பிறருக்காக வாழும் நிலைக்குக் கடந்து செல்லவேண்டும். பௌத்தமும், இந்து சமயமும், இஸ்லாமும் தத்தம் வழியில் இந்தக் கடத்தலையே மனிதனிடம் கேட்கின்றன என்பதை அவர் ஆராய்ந்தார்.

ஆய்வேடு எழுதுவது ஒன்று. எழுதியதன்படி வாழ்வது வேறொன்று. தன்னலமின்மையைப் பற்றி எழுதியே ஒருவர் பட்டமும் பதவியும் பெற்றுவிடலாம். நாமும் அப்படித்தான் அல்லவா? மன்னிப்பைப் பற்றிய மறையுரையை ஞாயிறன்று கேட்டு நெகிழ்கிறோம். திங்களன்று பக்கத்து வீட்டாரோடு பேசாமலே பிரட்டுக்களத்தில் நிற்கிறோம். மைக்கல் அடிகளார் தாம் எழுதியதைத் தமக்கே விடுக்கப்பட்ட அழைப்பாக ஏற்றுக்கொண்டார். பாரிஸிலேயே தங்கிக் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதை ஏற்காமல் அவர் தாயகம் திரும்பினார். திரும்பிய பின்பும் தலைநகரில் தங்கவில்லை. அவர் வந்து சேர்ந்த இடம் நமது பதுளை மறைமாவட்டம்.

அவருக்கு முன்னரே இறங்கி வந்த ஓர் ஆயர்

இவ்விடத்தில் மற்றொருவரையும் நன்றியோடு நினைக்கவேண்டும். பதுளை மறைமாவட்டம் 1972ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அன்று கண்டியின் ஆயராக இருந்தவர், சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபையைச் சேர்ந்த ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959ஆம் ஆண்டு முதல் அவர் கண்டியை வழிநடத்தி வந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்க காலத்து ஆயர்களுள் ஒருவர். பழமையும் வசதியும் வாய்ந்த கண்டியிலேயே அவர் இருந்திருக்கலாம். ஆனால் புதிதாகப் பிறந்த, வறிய, கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையாக உள்ள பதுளைக்குத் தாமே செல்ல விரும்பி, அதன் முதல் ஆயரானார். தோட்டத் தொழிலாளரும் பின்தங்கிய கிராமத்து விவசாயிகளும் நிறைந்த இம்மாவட்டத்துக்கு ஏற்ற பணியாளர்களை, உயர்ந்த மதில்களுக்குள் அல்லாமல் மக்கள் நடுவிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவரது கனவு. அக்கனவே பண்டாரவளையில் சேவக செவன என்னும் பயிற்சியகமாக உருப்பெற்றது.

அங்கே கற்பிக்கவே மைக்கல் அடிகளாரை ஆயர் அழைத்தார். 1970களின் நடுப்பகுதியில் அடிகளார் பண்டாரவளைக்கு வந்தார். கோச்சியில் நானுஓயாவைத் தாண்டி அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கு வரும் பாதையை நீங்கள் அறிவீர்கள். நமது பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்குச் செல்லும் பாதையும் அதுவே. நமது பிள்ளைகள் பெட்டியோடு எந்தப் புகையிரதத்தில் ஏறிச் செல்கிறார்களோ, அதே பாதையில் இரு முனைவர் பட்டங்களோடு எதிர்த்திசையில் ஒருவர் வந்திறங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பண்டாரவளையில் அவர் கற்பித்தார். மாணவரோடு கிராமங்களுக்குச் சென்றார். ஆயினும் காலம் செல்லச் செல்ல, தாம் இன்னும் ஆசானாகவே இருப்பதை அவர் உணர்ந்தார். ஏழைகளைப் பற்றிப் பேசுவதற்கும் ஏழைகளோடு வாழ்வதற்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைத் தாண்ட இன்னும் ஒரு படி இறங்கவேண்டியிருந்தது.

மலையிலிருந்து சமவெளிக்கு

1980ஆம் ஆண்டு. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக, இராவணன் எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து, வெல்லவாயவை நோக்கி இறங்கும் வீதியில் நீங்கள் சென்றிருப்பீர்கள். தேயிலை மலைகள் பின்னால் மறையும், குளிர் நீங்கும், வறண்ட சமவெளி விரியும். அதற்கப்பால் உள்ளது புத்தல. அதன் அருகே அலுகலவிட்ட. அங்கே மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட சிறு வீடொன்றில் அடிகளார் குடியேறினார். அருட்சகோதரிகள் இருவர் அப்பணியில் அவரோடு இணைந்திருந்தனர். அவ்வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் சுப செத் கெதர. நல்வாழ்த்து இல்லம் என்று பொருள்படும். சுற்றிலும் பௌத்த மக்கள். பங்கு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கோவில் மணி இல்லை. அவரைச் சுவாமி என்று அழைத்து எழுந்து நிற்போரும் இல்லை.

அம்மண்ணுக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அக்கிளர்ச்சியை அடக்குவதற்காக வீடுகள் எரிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, நீர்ப்பாசனக் குளங்கள் சிதைக்கப்பட்டன. செழிப்பாக இருந்த நிலம் தலைமுறை தலைமுறையாக வறுமையில் ஆழ்ந்தது. அதன் பின் சில ஆண்டுகளிலேயே மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அத்தோட்டங்களில் உழைக்கவே நமது முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டார்கள். கோப்பி நோயால் அழிந்த பின் தேயிலை வந்தது. கீழே சமவெளியில் நிலத்தையும் நீரையும் இழந்தவர்கள், மேலே மலையில் ஊரையும் உறவையும் இழந்து வந்தவர்கள் என, ஒரே ஆட்சியின் கையால் காயமுற்ற இரு மக்கள் நாம். இதை இரு தரப்பாரும் மறந்துபோனோம். மைக்கல் அடிகளார் மறக்கவில்லை. தாம் வந்த கிராமத்தாரின் வறுமை சோம்பலால் விளைந்தது அல்ல, வரலாற்றால் விளைந்தது என்பதை அவர் முதலில் தாம் கற்றுக்கொண்டார். பிறகே பிறருக்குச் சொன்னார்.

மாணவனான பேராசிரியர்

தொடக்கத்தில் கிராமத்தார் அவரை ஐயத்தோடு பார்த்தார்கள். சமயம் மாற்றவே இவர் வந்திருக்கிறார் என்று எண்ணினார்கள். வரலாற்றை அறிந்தவர்கள் அந்த ஐயத்தைக் குறை சொல்லமாட்டார்கள். அடிகளாரும் குறை சொல்லவில்லை. மதம் மாற்றும் நோக்கம் தமக்கு இல்லை என்பதைத் தெளிவாக்கினார். அதைச் சொல்லால் மட்டுமன்றி, ஆண்டுக்கணக்கான பொறுமையான வாழ்வால் மெய்ப்பித்தார். விகாரைகளுக்குச் சென்று பிக்குமாரின் முன் அமர்ந்தார். பௌத்தத்தை நூல்களில் ஆழமாகக் கற்றிருந்த பேராசிரியர், அதை வாழ்ந்து காட்டும் எளிய மனிதரிடம் மறுபடியும் கற்க அமர்ந்தார் என்பதே இங்கே சிறப்பு.

கிராமத்தின் தேவைகளை அவர் தாமாக முடிவு செய்யவில்லை, மக்களிடம் கேட்டார். பாடசாலையை இடைநிறுத்திய இளைஞருக்கு வகுப்புகள் நடந்தன. கைக்கெட்டிய மூலிகைகளைக் கொண்டு செய்யும் நாட்டு வைத்தியம் ஊக்குவிக்கப்பட்டது. செயற்கை உரத்தையும் கடன்காரரையும் நம்பியிராத பயிர்ச்செய்கை பற்றிப் பேசப்பட்டது. அக்காலத்தில் அப்பகுதியில் கரும்புச் செய்கைக்கெனப் பெருந்தொகையான நிலம் ஒதுக்கப்பட்டு வந்தது. சிறு விவசாயி தன் நிலத்திலேயே கூலியாளாகிவிடக் கூடாது என்று அவர் எழுதினார், பேசினார். கூலி என்ற சொல்லின் சுமையை உங்களைவிட அறிந்தவர் யார்?

அன்பர்களே, ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள். அவர் தமது கல்வியை வெறுத்து வீசிவிடவில்லை. உரோமிலும் பாரிஸிலும் பெற்ற அறிவு முழுவதும் அந்த மண் வீட்டில் அவரோடு இருந்தது. அங்கிருந்து அவர் கட்டுரைகளும் கவிதைகளும் எழுதினார். அவர் கைவிட்டது, அந்த அறிவு தமக்குப் பெற்றுத் தந்த இடத்தை மட்டுமே. ஆதலால் உங்கள் பிள்ளை படிக்க வேண்டாம் என்று இவ்வாழ்வு சொல்லவில்லை. படித்து ஏறியபின் எந்த நோக்கில் நடக்கவேண்டும் என்பதையே சொல்கிறது. ஏறுவது வளர்ச்சியின் முதற்பாதி. பெற்றதை எடுத்துக்கொண்டு, அது இல்லாதவரிடம் இறங்கிச் செல்வது மறுபாதி. நம் ஆண்டவரின் வாழ்வும் இந்த வடிவில் அமைந்ததே. நாசரேத்தில் அவர் உடலிலும் ஞானத்திலும் வளர்ந்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. இறைத்தன்மையில் விளங்கிய அவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் நிலையை ஏற்றார் எனத் தூய பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே கிறிஸ்தவ வளர்ச்சி எதுவெனப் புரியும்.

நமக்கும் அதில் என்ன?

உங்களுள் சிலர் இப்போது ஒரு கேள்வி கேட்கக்கூடும். சிங்களக் கிராமமொன்றில் பணியாற்றிய ஒரு குருவின் வாழ்வு, தோட்டத்துத் தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு எவ்வாறு பொருந்தும்? நியாயமான கேள்வி. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்து வன்செயல்கள் பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ட கண்கள் இன்றும் நம் குடும்பங்களில் உண்டு. அந்த நினைவை யாரும் இலேசாகத் துடைத்துவிட முடியாது.

ஆனால் அந்த ஆண்டிலும் மைக்கல் அடிகளார் புத்தலவில்தான் இருந்தார். ஒரு மக்களின் அச்சம் மற்றொரு மக்களுக்கு எதிரான நெருப்பாக மாறுவது எப்படி என்பதை, அந்த மக்களின் அடுப்படியில் அமர்ந்து அவர் அறிந்துகொண்டார். சமயத்தாலும் மொழியாலும் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் அறியவேண்டும் என்பதற்காகவே அவர் அங்கே தங்கியிருந்தார். அயலவரை அறியாமல் ஒரு குடும்பம் எவ்வளவு உயர்ந்தாலும், அதன் வளர்ச்சி வேலியளவே. தோட்டத்து எல்லைக்குக் கீழே இருக்கும் கிராமத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்களுக்கு நம் பெயர் தெரியுமா?

இறுதித் திருப்பலி

1987ஆம் ஆண்டு நாடு முழுவதும் கொந்தளித்தது. தெற்கிலே இளைஞர் கிளர்ச்சி மூண்டது. ஊவாவின் கிராமங்கள் இரு பக்க அச்சத்துக்கும் நடுவே சிக்கின. இளைஞரோடு பழகிய அடிகளார் மீதும் ஐயம் விழுந்தது. எச்சரிக்கைகள் வந்தன. அங்கிருந்து வெளியேறுவதா, தங்குவதா என்று அவரும் அருட்சகோதரிகளும் சேர்ந்து சிந்தித்தார்கள், செபித்தார்கள். வெளியேறியிருந்தால் எவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். கிராமத்தார் போக இடமின்றி அங்கேயே இருந்தார்கள். அவர்களை விட்டுச் செல்ல அடிகளாருக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 10ஆம் நாள் மாலை, அச்சிறு வீட்டில் அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பலி நிறைவுறும் வேளையில் வெளியிலிருந்து வந்த துப்பாக்கி வேட்டு அவரது தலையைத் தாக்கியது. பலிபீடத்தின் அருகிலேயே அவர் உயிர் துறந்தார். அவருக்கு வயது அறுபது. அவரை முதலில் ஐயத்தோடு பார்த்த அக்கிராமத்து மக்களே அவருக்காகக் கண்ணீர் வடித்தார்கள்.

உலகின் கணக்கில் பார்த்தால், ஏழு ஆண்டுகளில் அவர் கட்டிய பெரிய ஆலயம் ஒன்றுமில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் நீண்ட பெயர்ப்பட்டியல் இல்லை. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். மண்ணுக்குள் விழுந்த மணியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் தாம் நாற்பத்தாறாம் வயதில் எழுதி முடித்த ஆய்வேட்டை அறுபதாம் வயதில் அவர் வாழ்ந்து முடித்தார். தன்னலத்திலிருந்து தன்னலமின்மைக்கு என்னும் அந்தப் பயணம், திருப்பலி மேசையில் நிறைவுபெற்றது.

தீர்மானித்து வளர்வது

மைக்கல் அடிகளாரின் வளர்ச்சி தற்செயலாக நேர்ந்தது அல்ல என்பதைக் கண்டீர்கள். வயது ஏறுவதால் மனிதன் தானாக வளர்ந்துவிடுவதில்லை. தேயிலைச் செடியைப் பாருங்கள். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும், கொழுந்து தராது. உரிய காலத்தில், உரிய அளவில், தெரிந்தே வெட்டினால்தான் அது துளிர்க்கும். கவ்வாத்து வெட்டிய மலை சில வாரங்கள் மொட்டையாக, பார்ப்பதற்கு அழிந்தது போலவே தோன்றும். பழகிய தொழிலாளி அதைக் கண்டு கலங்குவதில்லை. அடிகளார் தம் வாழ்வில் தாமே கத்தியை எடுத்தார். பாரிஸை வெட்டினார், பண்டாரவளையின் ஆசான் பதவியை வெட்டினார், இறுதியில் பாதுகாப்பையும் வெட்டினார். ஒவ்வொரு முறையும் ஒன்றை விட்டபோது, புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கினார். மற்றொன்றையும் காணுங்கள்: எதையும் அவர் தனித்து நின்று செய்யவில்லை. அழைப்பதற்கு ஓர் ஆயர் இருந்தார். உடன் செபிப்பதற்குச் சகோதரிகள் இருந்தார்கள். திருத்துவதற்குக் கிராமத்தார் இருந்தார்கள்.

நாம் அனைவரும் மண் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று இறைவன் கேட்கவில்லை. நமக்கென ஒரு படி இருக்கிறது. அது எது என்பதை இந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதில், குடும்பச் செபமாலைக்குப் பின், உங்களையே கேட்டுப் பாருங்கள். தந்தையர்களே, வேலை முடிந்து வரும் வழியில் உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை விழுங்கும் சாராயக் கடையின் முன் உங்கள் கால் ஏன் நிற்கிறது? அன்னையர்களே, பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் நாத்தனாரின் வாசற்படியை முதலில் மிதிப்பது யார்? இளையோரே, நகரத்தில் வேலை பெற்ற பின் தோட்டத்தின் பெயரைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? விடுமுறைக்கு வரும்போது, உங்களுக்குக் கிடைத்த கணிதத்தையும் மொழியறிவையும் லயத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை ஒதுக்க இயலாதா?

ஒன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். பலவற்றை ஒரே நாளில் மாற்ற முயல்பவர் ஒன்றையும் மாற்றுவதில்லை. தெரிந்தெடுத்ததை ஒரு தாளில் நாளோடு எழுதி, வீட்டுப் பீடத்தில் இயேசுவின் திருவிருதயப் படத்தின் அடியில் வையுங்கள். ஒவ்வொரு இரவும் உறங்கச் செல்லுமுன், திருச்சபை நமக்குக் கற்பித்துள்ள ஆன்ம சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். தவறினால் மனம் தளராமல் பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்று மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். உங்கள் தீர்மானத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவையுங்கள். தனியே சுமப்பவர் விரைவில் களைத்துப்போவார்.

இன்னும் சில நாட்களில் கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு திருவழிபாட்டு ஆண்டு முடிவடைகிறது. அதைத் தொடர்ந்து வரும் திருவருகைக் காலம் நமக்குப் புத்தாண்டு. விண்ணிலிருந்து மாட்டுத் தொழுவத்துக்கு இறங்கி வந்த இறைமகனை வரவேற்க ஆயத்தம் செய்யும் காலம் அது. அந்த நாட்களில் அடிகளாரைப் போல நாமும் ஒரு படி இறங்கிப் பார்ப்போம்.

ஆண்டவரே, ஊவாவின் மலைகளிலும் சமவெளியிலும் உறங்கும் எங்கள் முன்னோருக்கு நிலையான இளைப்பாற்றியைத் தந்தருளும். நாங்கள் பெற்றவற்றைப் பிறருக்கென எடுத்துச் செல்லும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகள் ஏறும்போது உம்மை மறவாதிருக்கவும், இறங்கும்போது உம்மைக் கண்டுகொள்ளவும் அருள்புரியும். ஆமென்.